பதக்கமே வாங்காதவரை எப்படி உலகின் சிறந்தவர் என்கிறீர்கள்?

வாசகர் கேள்வி, 2025 ஏப்ரல் 9

கொரியாவின் கிம் யோன்-கியோங் நேற்றோடு ஆட்டத்தை விட்டுவிட்டார், வாலிபாலில் ஒரு சகாப்தம் முடிந்தது என்று ஆளாளுக்கு எழுதுகிறீர்கள். மூன்று ஒலிம்பிக் ஆடியிருக்கிறார், ஒரு வெண்கலம்கூட இல்லை. உயரம் 192 சென்டிமீட்டர். பெண்கள் ஆட்டத்தில் வலையின் உயரம் 2.24 மீட்டர்தான். அந்த உயரம் இருந்தால் யார் நின்றாலும் அடிக்கலாம். இதில் சகாப்தம் எங்கே வந்தது? ஆட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏப்ரல் 9, இரவு 10.40

முதலில் உயரத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். பதக்கத்துக்கு நாளை வருகிறேன், மாவு அரைக்கிற வேலை பாக்கி இருக்கிறது.

கிம் சின்ன வயதில் நெட்டைப் பிள்ளை இல்லை. 1988 பிப்ரவரியில் பிறந்தவர், ஊர் சியோலுக்குத் தெற்கே இருக்கும் ஆன்சான். அக்கா வாலிபால் ஆடப் போனாள், அவள் பின்னாலேயே இவரும் போய் ஒட்டிக்கொண்டார். நடுநிலைப் பள்ளி முடிகிறவரை உயரம் 170-ஐ எட்டவில்லை. கொரியாவில் அந்த உயரத்துக்கு வலையோரம் யாரும் இடம் தர மாட்டார்கள். செட்டராக, அதாவது அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவராக நிற்க வைத்தார்கள், பின்னால் நிறுத்திப் பந்து எடுக்க வைத்தார்கள், எந்த இடம் காலியோ அங்கே போட்டார்கள். ஆட்டத்தையே விட்டுவிடலாமா என்றுகூட யோசித்திருக்கிறார். அப்புறம் மேல்நிலைப் பள்ளியில் மளமளவென்று 20 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்துவிட்டார்.

இதுதான் விஷயம். ஆறாம் வகுப்பிலேயே நெட்டையாக இருக்கும் பிள்ளையைக் கோச் என்ன செய்வார்? வலையோரம் நிறுத்தி "வர்ற பந்தை அடி, போதும்" என்பார். அந்தப் பிள்ளைக்குக் கடைசி வரை எதிர் அணி போடும் சர்வீஸை எடுக்க வராது. கிம்முக்கு நேர்மாறாக நடந்தது. குட்டைப் பிள்ளை பிழைக்கக் கற்கிற எல்லாவற்றையும் கற்று முடித்த பிறகு உயரம் வந்து சேர்ந்தது. உலகத்தில் அவரைவிட உயரமானவர்கள் இருக்கிறார்கள், அவரைவிட ஓங்கி அடிப்பவர்களும் இருக்கிறார்கள். சர்வீஸை எடுத்து, செட்டர் கைக்குப் பந்தைப் பூப்போல அனுப்பிவிட்டு, அதே பந்தை மறுபடி வந்து அடிக்கிற 192 சென்டிமீட்டர் ஆள் எத்தனை பேர்?

ஏப்ரல் 9, இரவு 11.55

மாவு அரைத்தாகிவிட்டது. ஒன்று விட்டுப்போனது.

நான் எட்டாம் வகுப்பிலிருந்து கல்லூரி இரண்டாம் வருடம் வரை ஆடியவள். ஐந்தடி ஒரு அங்குலம். இப்போது சாயங்காலம் எங்கள் ஊர் மைதானத்தில் பதினைந்து பெண் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். நேற்று ஐந்து மணிக்கு வார்ம்-அப் ஓட விட்டுவிட்டு நான் போனில் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடி முடித்து வந்த பிள்ளைகள் என்னைச் சுற்றி நின்றுகொண்டார்கள். அதற்கப்புறம் பயிற்சி எங்கே நடந்தது.

ஏப்ரல் 10, மதியம்

பதக்கத்துக்கு வருகிறேன்.

2012 லண்டன். எட்டு ஆட்டம், 207 புள்ளி. போட்டியிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர் கிம். சிறந்த ஆட்டக்காரர் விருதும் கிம்முக்கு. கொரியாவுக்குக் கிடைத்தது நான்காம் இடம். தங்கம் வாங்கிய பிரேசில் அணியில் ஆளே இல்லையா? இருந்தார்கள். வெள்ளி வாங்கிய அமெரிக்காவிலும் இருந்தார்கள். இருந்தும் மேடைக்கே ஏறாத அணியின் ஆளைத்தான் சிறந்தவர் என்று சொன்னார்கள், அதைக் கேட்டு யாரும் முகம் சுளிக்கவில்லை. தங்கம் வாங்கிய அந்தப் பிரேசிலைக் குழு ஆட்டத்தில் கொரியா 3-0 என்று தோற்கடித்திருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கால் இறுதியில் இத்தாலியை வென்றார்கள். அரை இறுதியில் அமெரிக்காவிடமும், வெண்கல ஆட்டத்தில் ஜப்பானிடமும் தோற்றார்கள், இரண்டும் 0-3.

கொரியப் பெண்கள் கடைசியாக ஒலிம்பிக் பதக்கம் வாங்கியது 1976-இல், மாண்ட்ரியல் வெண்கலம். கிம் பிறப்பதற்குப் பன்னிரண்டு வருடம் முன்னால். அந்தப் பாரம் முழுக்க ஒரு தோளில் வந்து உட்கார்ந்தது.

கேள்வி கேட்ட நண்பருக்கு ஒன்று. வாலிபாலில் ஆறு பேர் சுற்றிச் சுற்றி வர வேண்டும். எவ்வளவு பெரிய அட்டாக்கராக இருந்தாலும் ஆறில் மூன்று சுற்று பின்வரிசை. பந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் முடியாது, ஒரே ஆள் அடுத்தடுத்து இரண்டு முறை தொடவும் முடியாது. கால்பந்தில் ஒருத்தர் நான்கு பேரைத் தாண்டிக்கொண்டு போய் கோல் போட்டுவிடலாம். இங்கே நீங்கள் அடிக்க வேண்டுமென்றால் வேறொருத்தி தூக்கிக் கொடுத்தே ஆக வேண்டும். அப்படிப்பட்ட ஆட்டத்தில் ஒரே ஆள் ஒரு அணியை இரண்டு முறை ஒலிம்பிக் அரை இறுதிக்குக் கொண்டுபோனார்.

ஏப்ரல் 10, மாலை

"ஒரே ஆள்" என்று எழுதியது தவறு. மத்தியானம் கொஞ்சம் சூடாகிவிட்டேன். டோக்கியோவில் லிபரோ, அதாவது பின்வரிசையில் பந்து எடுப்பதற்கென்றே நிற்கும் ஓ ஜி-யோங் எடுத்த பந்துகளை யார் கணக்கில் வைப்பது, நடுவில் நின்று பிளாக் போட்ட யாங் ஹியோ-ஜினை யார் கணக்கில் வைப்பது? ஆறு பேர் ஆட்டம் என்று நானே சொல்லிவிட்டு அடுத்த வரியிலேயே மறந்துவிட்டேன். "அவர் இல்லாமல் போயிருக்க முடியாது" என்று திருத்தி வாசியுங்கள்.

ஏப்ரல் 11

மேலே ஒருவர் "கிளப் ஆட்டத்திலாவது ஏதாவது ஜெயித்தாரா" என்று கேட்டிருக்கிறார். சுருக்கமாகச் சொல்கிறேன்.

2005-இல் கொரிய லீக்கின் ஹுங்குக் லைஃப் அணி, புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கும்போது அவரை முதல் ஆளாக எடுத்தது. அதற்கு முந்தைய சீசனில் கடைசி இடத்தில் கிடந்த அணி அது. கிம் வந்த முதல் சீசனிலேயே சாம்பியன். புதுமுக விருது, சீசனின் சிறந்த ஆட்டக்காரர், இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் மூன்றும் அந்தப் பதினெட்டு வயதுப் பெண்ணுக்கே போயின. அந்த வயதிலேயே முழங்காலில் அறுவை சிகிச்சையும் ஆரம்பித்துவிட்டது. 2009-இல் ஜப்பானின் ஜேடி மார்வெலஸ், அங்கே இரண்டாவது சீசனில் சாம்பியன். 2011-இல் துருக்கி, ஃபெனர்பாஹ்செ. போன முதல் சீசனிலேயே ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் கோப்பை, அதிலும் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான். ஆறு சீசன் அங்கே இருந்தார், இரண்டு துருக்கி லீக் பட்டம். பிறகு ஷாங்காய், மறுபடி இஸ்தான்புலில் வேறொரு கிளப், அப்புறம் சொந்த ஊர்.

துருக்கி லீக் என்றால் சும்மா இல்லை. உலகத்தில் நன்றாக ஆடுகிறவர்களையெல்லாம் அங்கே பார்க்கலாம். ஆசியாவிலிருந்து போய் அங்கே ஆறு வருடம் முதல் ஆறில் நிற்பது எப்பேர்ப்பட்ட காரியம்!

ஏப்ரல் 12, இரவு

டோக்கியோவைப் பற்றி எழுதாமல் தூக்கம் வரவில்லை.

2021-இல் அந்த அணி எந்த நிலையில் போனது தெரியுமா? பள்ளி நாட்களில் சக மாணவிகளைக் கொடுமைப்படுத்திய விவகாரம் வெளியே வந்து இரண்டு முக்கிய ஆட்டக்காரர்கள் அணியில் இல்லை. ஒலிம்பிக்குக்கு ஒரு மாதம் முன்னால் நடந்த, நாட்டு அணிகள் ஆடும் நேஷன்ஸ் லீக்கில் 16 அணிகளில் 15-ஆம் இடம். அந்த ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றதே பெரிய கதை. 2020 ஜனவரியில் தாய்லாந்தின் நக்கோன் ராட்சசிமாவில் தகுதிச் சுற்று, கிம்முக்கு வயிற்றுத் தசை கிழிந்துவிட்டது. இறுதி ஆட்டத்தில் இறங்கி 22 புள்ளி எடுத்தார். அவருக்கு வயது 33 ஆகும்போதுதான், ஒரு வருடம் தள்ளிப்போய், டோக்கியோ வந்தது.

டொமினிக்கன் ரிபப்ளிக்குடன் நடந்த ஆட்டத்தில் ஒரு டைம்-அவுட். எல்லோரும் வட்டமாக நிற்கிறார்கள். கிம் நடுவில் நின்று கத்துகிறார்: "செய்து பார்ப்போம், செய்து பார்ப்போம், பின்னால் வருத்தப்படாதபடி." கொரியாவில் அந்த ஒரு வரி வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த ஆட்டத்தில் எடுத்த ஒரு படம் என் போனில் இன்னும் இருக்கிறது. அவருடைய தொடை. ஒட்டுப் பட்டை ஒட்டியிருந்த இடம் முழுக்கச் சின்ன ரத்தக்குழாய்கள் வெடித்து, யாரோ சிவப்பு மையைத் தெளித்த மாதிரி. அதைப் பார்த்தவுடன் எனக்குப் பேச்சு வரவில்லை. முகம் தெரியாத படம், வெறும் கால்தான். அடிபட்ட காலோடு எம்புவது எப்படியிருக்கும் என்று எம்பினவர்களுக்குத் தெரியும்.

அப்புறம் ஜப்பான். அவர்கள் ஊரில், பார்வையாளர் இல்லாத அரங்கில், ஐந்தாவது செட்டில் 11-14. இன்னும் ஒரு புள்ளி ஜப்பான் எடுத்தால் முடிந்தது. 16-14 என்று கொரியா ஜெயித்தது. கிம் 30 புள்ளி. ஒலிம்பிக்கில் நான்கு ஆட்டங்களில் 30 அல்லது அதற்கு மேல் எடுத்த முதல் ஆள் அவர்.

ஏப்ரல் 13, காலை

மேலே 11-14 என்று எழுதியிருக்கிறேன். 12-14 தான். சுட்டிக்காட்டிய தம்பிக்கு நன்றி.

கால் இறுதியில் துருக்கியை 3-2 என்று வென்றதை நேற்று விட்டுவிட்டேன். தரவரிசையில் துருக்கி வெகு மேலே. எதிரில் நின்ற கேப்டன் எடா எர்தெம், ஃபெனர்பாஹ்செயில் கிம்மோடு வருடக்கணக்கில் ஒரே சட்டை போட்டவர். ஐந்தாவது செட் 15-13, கிம் 28 புள்ளி. அந்த வாரம் துருக்கியில் காடு பற்றி எரிந்துகொண்டிருந்தது. தோற்ற பெண்கள் ஊருக்கு ஒரு நல்ல சேதி சொல்ல முடியவில்லையே என்று அழுதார்கள். கொரிய ரசிகர்கள் அதைப் பார்த்துவிட்டு, கிம் பெயரிலும் கொரிய அணியின் பெயரிலும் துருக்கியில் மரக்கன்று நடப் பணம் அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். ஜெயித்தவர்கள் தோற்றவர்களின் காட்டுக்கு மரம் வைத்தார்கள். பிரேசிலிடம் அரை இறுதியிலும் செர்பியாவிடம் வெண்கல ஆட்டத்திலும் தோற்றுப்போனது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஆனால் அந்த ஒலிம்பிக் என்றால் முதலில் வருவது மரக்கன்றுதான்.

ஏப்ரல் 14

"அவரை ஏன் பிரெட் அக்கா என்கிறார்கள்" என்ற கேள்விக்கு. இது நல்ல கதை.

2016 ரியோ, ஜப்பானுடன் ஆட்டம். ஒரு பந்து தப்பிப்போனதும் கிம் தனக்குத்தானே ஒரு கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டார். கேமரா நேராக முகத்தில். சத்தம் கேட்கவில்லை, உதடு மட்டும் நன்றாகத் தெரிந்தது. கொரியாவில் அந்த வார்த்தைக்குப் பக்கத்துச் சத்தத்தில் இருப்பது "ஷிக்-பாங்", அதாவது கடையில் விற்கிற பாக்கெட் பிரெட். ரசிகர்கள் உடனே "எங்கள் அக்கா பிரெட் என்றுதான் சொன்னாள்" என்று கட்டிவிட்டார்கள். அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. தன் யூடியூப் சேனலுக்கு அந்தப் பெயரையே வைத்துக்கொண்டார். கடைசியில் அவர் படம் போட்ட பிரெட் பாக்கெட்டே கடைக்கு வந்துவிட்டது!

எங்கள் மைதானத்தில் ஒரு பிள்ளை சர்வீஸ் வலையில் பட்டால் இப்போது "பிரெட்" என்கிறாள். நான் தடுக்கவில்லை.

ஏப்ரல் 16

நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். "காசுக்காக வெளிநாடு போனவர்" என்று ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

கொரிய லீக்கில் ஒரு ஆள் தன் இஷ்டப்படி அணி மாற வேண்டுமென்றால் உள்நாட்டில் ஆறு சீசன் ஆடி முடித்திருக்க வேண்டும். கிம் அங்கே ஆடியது நான்கு சீசன். ஜப்பானுக்கும் துருக்கிக்கும் ஹுங்குக் அணியே அவரை இரவலாக அனுப்பியது. 2012-இல் ஒப்பந்தக் காலம் முடிந்ததும் கிம் "நான் இப்போது யாருக்கும் கட்டுப்பட்டவள் இல்லை" என்றார். அணி "வெளியே ஆடியது கணக்கில் வராது, நீ இன்னும் எங்கள் ஆள்" என்றது. லண்டனில் உலகமே கைதட்டி இரண்டு மாதம் ஆகவில்லை, சொந்த நாட்டில் எங்கே ஆடலாம் என்று தெரியாமல் நின்றார். விவகாரம் நாடாளுமன்றம் வரை பேசப்பட்டது, சர்வதேச வாலிபால் சம்மேளனம் வரை போய் 2014-இல்தான் ஓய்ந்தது. அத்தனை நடக்கும்போதும் அவர் பாட்டுக்கு ஃபெனர்பாஹ்செக்கு ஆடிக்கொண்டும், கூப்பிட்டால் நாட்டு அணிக்கு வந்துகொண்டும் இருந்தார்.

அதே 2014-இல் இஞ்சியோன் ஆசிய விளையாட்டு, இறுதியில் சீனாவை வென்று தங்கம். அந்தத் தங்கத்துக்கு அணிக்கு வைத்த விருந்து என்ன தெரியுமா? கிம்ச்சிக் குழம்பு. நம் ஊரில் சாம்பார் சாதம் போட்டு அனுப்பிய மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கிம் தன் காசில் அணியைக் கூட்டிப்போய் வேறொரு சாப்பாடு வாங்கிக் கொடுத்தார்.

காசு என்றீர்களே. 2020-இல் துருக்கியிலிருந்து திரும்பி வந்தபோது, பழைய சண்டை நடந்த அதே ஹுங்குக் அணிக்குத்தான் வந்தார். கொரிய லீக்கில் ஒரு அணி மொத்தம் இவ்வளவுதான் சம்பளம் கொடுக்கலாம் என்று உச்சவரம்பு உண்டு. அவருக்கு முழுச் சம்பளம் கொடுத்தால் சின்னப் பிள்ளைகளுக்குக் குறையும். 35 கோடி வோன் போதும் என்று கையெழுத்துப் போட்டார். வெளியே வாங்கிக்கொண்டிருந்ததோடு ஒப்பிட்டால் அது எங்கோ கீழே. காசுக்காக ஆடுகிறவர் இதைச் செய்வாரா?

எனக்கு இது இவ்வளவு உறைப்பதற்குக் காரணம் இருக்கிறது. கல்லூரியில் ஆடும்போது ஒரு போட்டிக்குப் பையன்களுக்கு ரயில் டிக்கெட், எங்களுக்கு இரவு பஸ். திரும்பி வந்த விடியற்காலையில் எட்டு பேர் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பன்னைப் பிய்த்துத் தின்றோம், கோப்பை என் மடியில் இருந்தது. அதைக் கேட்டு வாங்க எங்களில் ஒருத்திக்கும் வாய் வரவில்லை. கிம் கேட்டார். சத்தமாகக் கேட்டார். அவருக்குப் பின்னால் வந்த பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கேட்டார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் 21

யோசித்துப் பார்த்தேன். முதல் நாள் உயரத்தைப் பற்றி எழுதியதில் எனக்கே முழுத் திருப்தி இல்லை.

உயரம் வேண்டாம் என்பது போல எழுதிவிட்டேன். அப்படி இல்லை. 170-லேயே நின்றிருந்தால் கிம்மை நமக்குத் தெரிந்திருக்காது, கொரியாவில் ஒரு நல்ல லிபரோ இருந்திருப்பார், அவ்வளவுதான். உயரம் பாதி. கேள்வி கேட்டவர் அந்த அளவுக்குச் சரி. ஆனால் அவர் "அடிப்பது" என்கிறாரே, அங்கேதான் எனக்குச் சண்டை.

கிம்மைப் போல நாலாம் நம்பரில், அதாவது வலையோரம் இடதுபுறம் நின்று அடிப்பவருக்கு எடுப்பது, அடிப்பது என்று இரண்டு வேலை. எதிர் அணி சர்வீஸ் போடும்போது வேண்டுமென்றே அவர் மேல்தான் போடுவார்கள். அவரை எடுக்க வைத்தால் அடிக்க ஓடி வருவதற்குள் ஒரு அடி பிந்துவார், தோளும் சீக்கிரம் களைத்துவிடும். வலதுபுறம் நின்று அடிப்பவருக்கு இந்தத் தொல்லை கிடையாது, பெரும்பாலும் அவரை சர்வீஸ் எடுக்கவே விடமாட்டார்கள். கிம் பதினைந்து இருபது வருடம் உலகத்தின் எல்லா சர்வீஸையும் வாங்கிக்கொண்டே அடித்தவர். அவர் அடிக்கிற வீடியோ ஆயிரம் இருக்கிறது. எடுக்கிறதைப் பாருங்கள். பந்து கிளம்பியவுடன் கை அசையாது, முதலில் கால் போகும். கை கடைசி நேரத்தில்தான் சேரும். பந்து முன்கையில் பட்டுக் கிளம்பும்போதே உடம்பு இடதுபுறம் சாய்ந்து ஓட ஆரம்பித்திருக்கும். சத்தமே இல்லாத வேலை, யாரும் கைதட்ட மாட்டார்கள்.

உயரம் குறைவாக இருந்து வலையோரம் ஆண்டவர்களும் உண்டு என்று கீழே ஒருவர் கியூபாவின் மிரேயா லூயிஸைச் சொன்னார். சரியான ஆள். 175 சென்டிமீட்டர், மூன்று ஒலிம்பிக் தங்கம். அவர் எம்புவதைப் பார்த்தால் தரைக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை என்று தோன்றும். ஆனால் அப்படி எம்புவது பிறவியில் வருவது. அதை என்னால் யாருக்கும் சொல்லிக்கொடுக்க முடியாது. கால் முதலில் போக வேண்டும், கை அப்புறம் என்பதைச் சொல்லிக்கொடுக்க முடியும்.

மே 19

இஞ்சியோனில் நேற்றும் முந்தாநாளும் அவருடைய விடைபெறும் ஆட்டங்கள் முடிந்தன. உலகமெங்கும் இருந்து தோழிகள் வந்து ஆடினார்கள். இனி அவ்வளவுதான் என்று நம்பக் கஷ்டமாக இருக்கிறது.

ஏப்ரல் 8 ஆட்டத்தைப் பற்றி இங்கே நான் எழுதவே இல்லை என்று இப்போதுதான் பார்த்தேன். இழை ஆரம்பித்ததே அதனால்தான்!

முதலில் பழைய பாக்கி. 2023 இறுதிச் சுற்றில் ஹுங்குக் முதல் இரண்டு ஆட்டத்தை ஜெயித்துவிட்டு அடுத்த மூன்றையும் தோற்றது. கொரிய லீக் வரலாற்றில் அதுவரை அப்படி நடந்ததில்லை. 2024-இல் மறுபடி இறுதி, மூன்று ஆட்டமும் ஐந்தாவது செட் வரை போய் மூன்றிலும் தோல்வி. 2025-இல், இதுதான் கடைசி சீசன் என்று பிப்ரவரியிலேயே சொல்லிவிட்ட பிறகு, மறுபடி இறுதி, மறுபடி முதல் இரண்டு ஆட்டம் வெற்றி, மறுபடி அடுத்த இரண்டு தோல்வி. 37 வயது. ஐந்தாவது ஆட்டம் முதல் இரண்டு செட் 26-24, 26-24. அடுத்த இரண்டு 24-26, 23-25. அந்த நேரத்தில்தான் நான் மைதானத்தில் போனைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். 15-13. கிம் 34 புள்ளி.

இரவு வீடியோ பார்த்தபோது 34-இல் ஒன்றும் என் மனசில் நிற்கவில்லை. ஐந்தாவது செட்டின் கடைசியில் எதிர் அணி ஓங்கி அடித்த ஒரு பந்துக்கு அவர் தரையில் நெஞ்சு பட விழுந்து கையைக் கொடுத்தாரே, அதுதான் நின்றது. பள்ளியில் குட்டைப் பிள்ளையாகப் பின்னால் நின்றபோது கற்றது.

ஜூலை 15

கொரியப் பெண்கள் நேஷன்ஸ் லீக்கிலிருந்து கீழே இறக்கப்பட்டுவிட்டார்கள். இந்த வருடம் 12 ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி.

கிம் 2021 ஆகஸ்டில் நாட்டு அணியை விட்டார். 2022 நேஷன்ஸ் லீக்கில் அந்த அணி 12 ஆட்டமும் தோல்வி. 2023-இலும் 12-க்கு 12 தோல்வி. 2024-இல் தாய்லாந்தை வென்றபோது, அந்த லீக்கில் தொடர்ந்து 30 தோல்விக்குப் பிறகு கிடைத்த வெற்றி அது. கிம்மோடு யாங் ஹியோ-ஜினும் இன்னொருவரும் ஒன்றாக விலகினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், எல்லாம் ஒருவரால் அல்ல. இருந்தாலும், ஒலிம்பிக் அரை இறுதியிலிருந்து இந்த நிலைக்கு நான்கே வருடம். பதக்கம் எங்கே என்று கேட்ட நண்பர் இந்த எண்களையும் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். இதை எழுதும்போது சந்தோஷமாக இல்லை. அந்த அணியில் ஆடுகிற பிள்ளைகள் பாவம், போன இடமெல்லாம் அக்கா பெயரைச் சொல்லித்தான் திட்டு வாங்கியிருப்பார்கள்.

ஆகஸ்ட் 3

எங்கள் மைதானத்தில் ஒரு பிள்ளை, ஒன்பதாம் வகுப்பு. அவள்தான் எங்களில் குட்டை. போன வாரம் பள்ளி அணித் தேர்வில் "உயரம் இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தாள். எனக்கும் இதே வயதில் இதே வார்த்தை கிடைத்தது, அன்றைக்கு எனக்கு என்ன சொல்லியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும் என்று யோசித்தும் எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

கிம் கதையைச் சொல்லலாமா என்று பார்த்தேன். சொல்லவில்லை. "நீயும் வளர்ந்துவிடுவாய்" என்று சொன்னது போல ஆகிவிடும். அவள் அம்மாவும் என் உயரம்தான், வளர மாட்டாள்.

பந்தை எடுத்துக்கொண்டு வலைக்கு அந்தப் பக்கம் போய் அவளுக்கு மட்டும் சர்வீஸ் போட்டேன். முதல் பத்துப் பந்து எங்கெங்கோ போனது. அழுகையோடு எடுத்தால் கை ஆடும். இருட்டுகிறவரை போட்டேன். முன்கை இரண்டும் செக்கச்செவேலென்று ஆகிவிட்டது, அதில் பந்தின் தையல் தடம்கூடப் பதிந்திருந்தது. "வலிக்குதா" என்றேன். "இன்னும் பத்து போடுங்கக்கா" என்றாள்.

நவம்பர் 24

ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக கிம் ஒரு அணிக்குக் கோச்சாக இருந்தாரே, பார்த்தீர்களா? அணிகள் வேண்டாம் என்று விட்டவர்களையும் ஆட்டத்தை விட்டுப் போனவர்களையும் சேர்த்து ஒரு அணி. ஆடும்போது கோபம் வந்தால் எப்படி இருந்தாரோ கோச்சாகவும் அப்படியேதான் இருக்கிறார். ஆனால் ஒரு பிள்ளை தப்புச் செய்தால் கத்திவிட்டு விடுவதில்லை. அடுத்த பந்துக்குக் கால் எங்கே இருக்க வேண்டும் என்று நின்று காட்டுகிறார். நான் நோட்டில் எழுதிவைத்துக்கொள்கிறேன்.

நவம்பர் 26

கேள்வி கேட்ட நண்பர் ஏழு மாதம் கழித்துத் திரும்பி வந்து "சரி, எந்த ஆட்டத்தைப் பார்க்கட்டும்" என்று கேட்டிருக்கிறார். சந்தோஷம்.

டோக்கியோ கால் இறுதி, துருக்கியுடன். முழுக்கப் பார்க்க நேரம் இல்லையென்றால் மூன்றாவது செட் மட்டும், 28-26 என்று முடியும். துருக்கி சர்வீஸ் போடும்போது பந்தைப் பார்க்காதீர்கள், பத்தாம் நம்பர் சட்டையின் காலைப் பாருங்கள். பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள். நான் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல்தான் பார்ப்பேன், அதுவரை மைதானத்தில் இருப்பேன். அந்தப் பிள்ளை இப்போது தினமும் ஐந்து மணிக்கு முன்னாலேயே வந்து வலை கட்டிவிடுகிறாள்.